மூன்றாம் தட்டும் ஏழாம் தட்டும்

ருமேனியாவின் ஹங்கேரி எல்லையில் இருக்கும் எங்கள் நட்லாக்கில் பொதுவான ஆள் கிடைப்பது கஷ்டம். ஸ்லோவாக் என்றால் என் அப்பா அடாமுக்கு உறவு. ஹங்கேரியன் என்றால் பக்கத்து வீட்டு கெர்கேய் மாமாவுக்கு உறவு. ருமேனியன் என்றால் இரண்டு பேருக்கும் சம்பந்தி. அதனால் பிப்ரவரி மாதப் பன்றிக்கறி சாசேஜ் போட்டிக்கு ஒரு நடுவரையாவது வெளியூரிலிருந்து பிடித்து வருவார்கள். போன வருடம் பிடித்து வந்தவர் சைவம் என்பது மேடையில்தான் தெரிந்தது.

இந்த வருடம் நான் இலிங்காவைக் கொடுத்தேன். புக்கரெஸ்ட்காரி, என்கூடப் படிக்கிறாள் என்று குழுவிடம் சொன்னேன். அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேனா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

வீட்டில் சொல்லியிருந்தேன். "பொண்ணு நம்ம வீட்டுக்கு ஒத்துவருமான்னு போட்டி முடியட்டும், சொல்றேன்" என்றார் அப்பா. வருடா வருடம் கெர்கேய் மாமாவிடம் தோற்கும் மனிதர் வேறெப்படிச் சொல்வார்?

காலையில் அவளுக்கு எங்கள் சாசேஜையே அடுக்கி வைத்தார். ஜனவரியில் பன்றி அடித்தபோது போட்டது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் அம்மா நீல நூலில் கட்டியிருந்தாள்.

"சாப்பிடும்மா. ருசி நாக்குலயே நிக்கணும்."

"அங்கிள், இது லஞ்சமா?"

"காலைச் சாப்பாடு. லஞ்சம்னா கூட கேக்கும் வச்சிருப்பேன்."

இலிங்கா நூலை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.

போட்டியில் எந்தத் தட்டு யாருடையது என்பது ரகசியம். நடுவர்களைப் பின்னறையில் உட்கார வைத்துவிடுவார்கள். மற்றபடி மூன்று எங்களுடையது, ஏழு மாமாவுடையது என்று ஹாலில் எல்லோருக்கும் தெரியும். தட்டைத் தூக்கி வந்ததே அவரவர்தானே. நடுவர்கள் மதிப்பெண் போட்டு முடித்ததும் மிச்சம் ஊருக்கு.

அப்பா மூன்றாம் தட்டில் ஒரு துண்டு எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஏழில் ஒன்று.

"பூண்டை அள்ளிக் கொட்டியிருக்கான். மாட்டுக்குப் போட்டா அதுகூட மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றார். ஸ்லோவாக்கில் சொன்னார், ருமேனியனில் சொன்னார், மாமாவுக்காக ஹங்கேரியனிலும் சொன்னார்.

மாமா மூன்றை மென்று பார்த்தார். "அடாம், இதுல உப்பு போட்டியா, இல்ல போட்டதா நெனச்சியா?"

முடிவு வந்தது. ஏழுக்கு முதல் பரிசு. மூன்றுக்கு இரண்டாவது.

அப்பா நேராக இலிங்காவிடம் வந்தார். கல்யாணம் கையை விட்டுப் போவதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

"ஏழுக்கு எவ்வளவு போட்டே?"

"மூணுக்குப் போட்ட அளவுதான்."

"உனக்கு ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள்." அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு நீல நூல் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ஏழாம் தட்டுல ஒட்டிட்டிருந்தது. காலைல உங்க வீட்ல இதே நூலத்தான் அவுத்தேன்."

அப்பா நூலைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. எங்களூரில் பன்றி அடித்த வீடு, பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். அதற்கு மொழி, கோயில், முந்தின நாள் சண்டை எதுவும் தடையில்லை. நாங்கள் கொடுத்த பங்கை மாமாவின் மனைவி பிரோஷ்கா அவர்களுடையதோடு சேர்த்துச் சரக்கறையில் ஒரே கொம்பில் தொங்கவிட்டிருப்பாள். போட்டியன்று கைக்கு வந்ததை எடுத்து மாமாவிடம் கொடுத்திருப்பாள்.

மேடையில் மாமா கோப்பையைக் குழந்தைபோல இடுப்பில் வைத்திருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. சொல்றதா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம்."

"சொல்லிடலாம்பா, கோப்பை நம்மளது" என்றேன்.

"நீ வாய மூடு மிஷோ. ஏழாம் தட்டப் பத்தி மாடு கதைய நான் சொன்னப்ப பாதிரியார் பக்கத்துலதான் நின்னாரு."

நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடையேறினார். மாமாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"என்னடா அடாம், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உன் சாசேஜ் பிரமாதம்டா. நானே போட்ட மாதிரி இருக்கு."

சாயங்காலம் மாமா கோப்பையோடும், கொம்பில் மிச்சமிருந்த முதல் பரிசு சாசேஜோடும் வீட்டுக்கு வந்தார். ஜெயித்தவர் பக்கத்து வீட்டுக்குப் பங்கு கொடுக்காமல் இருக்கலாமா? அப்பா அதை மரியாதையாக வாங்கி, நீல நூலை அவரே அவிழ்த்து, முதல் துண்டை இலிங்காவுக்கு வைத்தார்.

அவள் மென்றாள். "மூணாம் தட்டு மாதிரியே இருக்கு."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "இந்தப் பொண்ணுக்கு நாக்கே இல்லையே. எங்கேருந்துடா புடிச்சீங்க?"

"எங்க வீட்டுப் பொண்ணு கெர்கேய். மிஷோவுக்குக் கட்டிவைக்கப் போறோம்" என்றார் அப்பா.

மாமா மெல்லுவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

"அப்போ உங்க வீட்டுப் பொண்ணே எனக்குத்தான் மார்க் போட்டுச்சா?"

"அள்ளிப் போட்டேன் அங்கிள்" என்றாள் இலிங்கா.

பெருமையில் விரிந்த மாமாவின் மார்பு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு இன்னொரு துண்டு வெட்டினார், முதலாவதைவிடத் தடிமனாக.