வெறுஞ்சோறு

முதல் அகப்பைச் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இருட்டு பிரியுமுன்பே வாசலில் வந்து நின்றாள் மா கின். இரங்கூனில் மூட்டை தூக்கிய துலுக்காணத்தைக் கட்டிக்கொண்டவள். தமிழர்களெல்லாம் ஊர் திரும்ப வேண்டியதாகி அவன் கப்பலேறியபோது, அவளும் கூடவே ஏறிவிட்டாள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் அவனுடைய சொந்த ஊர். அவன் முதல் பஸ்ஸுக்கே பக்கத்து ஆரணி மில்லுக்குப் போய்விட்டால், அப்புறம் அவள் பாஷையில் பேச அங்கே ஒரு வாய் கிடையாது. தமிழ் அரைகுறை. ஊருக்கு அவள் பர்மாக்காரி, அவ்வளவுதான்.

பர்மாவிலிருந்து அகதி முகாமுக்குப் புதிதாக வந்திறங்கியவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, அவள் அம்மா மழைக்கு முன்பே செத்துப்போனது. அழுது தீர்த்தாள். அழுகை தீர்ந்தும் ஒரு கவலை தீரவில்லை. அவள் ஊரில் விடிகாலையில் துறவிகள் திருவோட்டோடு வருவார்கள். செத்தவர்களை நினைத்துச் சோறிட வேண்டும். ஒருவர் கைநீட்டி வாங்கினால்தான் அது போய்ச் சேரும். இங்கே யார் வாங்குவார்கள்?

"காக்காவுக்கு வையி. எங்க வயக்கம் அதான்" என்றாள் பக்கத்து வீட்டுக் கங்கம்மாள். நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். மா கின் வைத்துப் பார்த்தாள். மனசு ஆறவில்லை. அம்மாவுக்குக் காகத்தைக் கண்டாலே ஆகாது.

மார்கழி பிறந்து, அவள் கிண்ணத்தோடு வாசலில் நின்ற விடியல் அது. ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து, மார்கழியில் வீடு வீடாகப் பிச்சை வாங்கும் தாசரி வந்தார். காவி வேட்டி, கையில் தம்பூரா, தலையில் செம்புப் பாத்திரம். ஹரிநாமம் தவிர வேறு பேச்சில்லை. வீட்டு வாசல்களில் மண்டியிட்டார், பெண்கள் பாத்திரத்தில் அரிசி போட்டார்கள். மா கின் கிண்ணத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாங்குகிறவர் வந்துவிட்டார்.

அவள் வாசலிலும் மண்டியிட்டார். ஆவி பறக்கும் சோற்றை அவள் தூக்கினாள்.

"ஐய, இன்னா பண்ற? பச்சரிசிதான் போடணும். சோறு வாங்கமாட்டாரு" என்றாள் கங்கம்மாள்.

கை அந்தரத்தில் நின்றது. அரிசி உள்ளே பானையில் இருந்தது. ஆனால் அரிசியை அம்மா எப்படித் தின்பாள்? கண் நிறைந்துவிட்டது.

தாசரி நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். தம்பூராவைத் தரையில் வைத்தார். தலைப் பாத்திரம் அசையாமல், தோள் துண்டை விரித்து இரு கையாலும் ஏந்தினார்.

சோற்றைக் கொட்டிவிட்டு, அவள் நெற்றி மண்ணில் படக் கும்பிட்டாள். எழுந்தபோது அவர் துண்டை முடிந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவள் ஊர்த் துறவிகளும் அப்படித்தான் போவார்கள்.

"அந்தச் சோத்த யாருக்குடி போட்ட?" கங்கம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

"அம்மாக்கு. அம்மா சாப்ட்டாச்சி."

 

"பெத்தவளுக்கு வெறுஞ்சோத்தயா போடுவாங்க?" என்றாள் கங்கம்மாள், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

மறுநாள் பனியில் இரண்டு பேர் நின்றார்கள். மா கின் கையில் சோறு. கங்கம்மாள் கையில், தட்டு போட்டு மூடிய கிண்ணத்தில் கத்தரிக்காய்க் குழம்பு. காலில் செருப்பில்லாதவளைப் பார்த்து அவளும் தன் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டாள். தெருக்கோடியில் தம்பூரா கேட்டது.