பிரேக் பிடிக்காத பக்திமான்

கீழ்பென்னாத்தூர் கடலை மண்டியில் தரகு பார்த்துவந்த சக்கரவர்த்தி, 1979-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு பழைய கறுப்பு கார் வாங்கினார். கையில் இருந்ததை எல்லாம் துடைத்துக் கொடுத்து வாங்கியது என்றாலும், கார் என்று பார்த்தால் மலிவுதான். ஏன் அவ்வளவு மலிவு என்பது, திருவண்ணாமலைக்கு ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கார் வீட்டைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டுக்காரர் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த மணலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

ஆரத்தித் தட்டோடு வாசலில் காத்திருந்த அவர் மனைவி ராணியம்மாள், தட்டைத் தூக்கிக்கொண்டு மணல் மேட்டுக்கே நடந்துபோக வேண்டியதாயிற்று.

"ஏங்க, வூட்ட வுட்டுட்டு இங்க இன்னாத்துக்கு நிறுத்துனீங்க?"

"மணல்ல நிறுத்துனா டயருக்கு நல்லது" என்றார் சக்கரவர்த்தி, கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்தபடி.

மறுநாள் வேட்டவலம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் தசரதன் வீட்டுக்கே வந்து, நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தான். மரணச் செய்தி சொல்ல வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"மாஸ்டர் சிலிண்டர் போச்சுண்ணே. நாலு வீல்லயும் பிரேக் ஆயில் ஒழுகுது. லைனிங் தேஞ்சி இரும்புல இரும்பு உராயுது. ஹேண்ட் பிரேக்குன்னு ஒரு புடி இருக்குதே தவிர, அதுக்குக் கீழ ஒயரே இல்ல. எல்லாம் சேத்து நானூறு ரூபா ஆவும்."

"கம்மியா ஒண்ணும் வழி இல்லியா?"

"இருக்கு. ஓட்டாம வெச்சிருங்க."

அந்த யோசனை சக்கரவர்த்திக்குப் பிடிக்கவில்லை. கார் வாங்கியவன் பஸ்ஸில் போனால் மண்டியில் எவன் மதிப்பான்? பிரேக்கை அடுத்த கடலை சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அதுவரைக்கும் சமாளிக்க ஒரு முறையையும் தாமே கண்டுபிடித்தார். நடந்துபோகிறவன் தாண்டிப் போகும் வேகத்துக்கு மேல் காரை விடுவதில்லை. நிற்க வேண்டிய இடத்துக்கு அரை பர்லாங்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, மிதியை மூன்று தரம் மூச்சுப்பிடித்து மிதித்து, இன்ஜினை அணைத்துவிடுவார். கடைசி நாலு அடிக்கு ராணியம்மாள் பொறுப்பு.

அவள் மடியில் மஞ்சள் துணி போர்த்திய ஒரு கூடை இருக்கும். கூடைக்குள் வேப்பங்கட்டை, முக்கோணமாகச் சீவியது. கார் தவழும் நிலைக்கு வந்ததும் கதவைத் திறந்து குதித்து, முன்னால் ஓடி, குனிந்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவாள். ஹாரனும் வேலை செய்யாததால், குறுக்கே வருகிறவர்களை விலக்க சக்கரவர்த்தி தலையை வெளியே நீட்டி, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவார். ஒதுங்கு என்று கத்தினால் சண்டைக்கு வருவார்கள், அரோகரா என்றால் ஒதுங்கிக் கும்பிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. ஒரு பௌர்ணமியன்று மலை சுற்றும் பாதையில் அவர் காரை ஜனங்கள் பார்த்தார்கள். நடக்கிறவர்களைத் தாண்டாமல், அவர்கள் பின்னாலேயே கார் ஊர்ந்து வருகிறது. ஓட்டுகிறவர் விடாமல் அரோகரா போடுகிறார். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் அவர் சம்சாரம் கூடையோடு குதித்து ஓடி, மண்ணில் தலை படும்படி குனிகிறாள்.

"கார் வெச்சிருக்கிற மனுசனுக்கு இந்த அடக்கமா!" என்றார்கள். "அந்தம்மா பக்தியப் பாரேன். மண்ணத் தொட்டுக் கும்புடாம ஒரு எடம் தாண்டறதில்ல."

ஒரு கிழவி ராணியம்மாளின் கையைப் பிடித்து, "கூடையில இன்னாம்மா பிரசாதம்?" என்று கேட்டபோது அவள் மஞ்சள் துணியை இழுத்துக் கூடையை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள். அவர் நெஞ்சை நிமிர்த்தி மீசையைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிப்போயிற்று. ஆவணியில் கடலை சீசன் நன்றாக நடந்து, தரகுப் பணம் கையில் நின்றது. "மொதல்ல பிரேக்கப் பாருங்க" என்றாள் ராணியம்மாள். அவர் வெல்வெட் சீட் உறையும், முன்கண்ணாடிக்குச் சந்தன மாலையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"பிரேக்கு?"

"யோசிச்சிப் பாரு. பிரேக் நல்லா இருந்தா வேகமாப் போவத் தோணும். வேகமாப் போனா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"எனக்கு முட்டி தேஞ்சி போச்சுங்க. ஒரு நாள் கட்டையோட என் கையும் வீலுக்கு அடியில போயிடும்."

"அண்ணாமலையார் பாத்துப்பாரு."

இதைக் கேட்டபோது ராணியம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் சாமியை இவ்வளவு வேலை வாங்கி அவள் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் அண்ணாமலை நகர நலச் சங்கம் சாலைப் பாதுகாப்பு விழா நடத்த முடிவு செய்தது. சங்கத்தின் தலைவர் கான்ட்ராக்டர் ராமதாஸ். அவரே வீடு தேடி வந்தார். "நிதானத்துக்கு நம்ம ஊர்ல உங்கள வுட்டா ஆள் இல்லீங்க. 'சாலைச் செம்மல்'னு பட்டம் தர்றோம். ஊர்வலத்துல உங்க காருதான் மொதல்ல, என் ஜீப்பு பின்னால" என்றார். சக்கரவர்த்திக்கு உடம்பு புல்லரித்தது. ராணியம்மாளுக்கும் புல்லரித்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. ஊர்வலத்தில் கார் போகப்போவது பேண்டு வாத்தியக்காரர்களுக்கு நேர் பின்னால்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, சொந்தக்காரர் கல்யாணத்துக்காக சக்கரவர்த்தி, அவ்வளவு தூரம் ஊர்ந்துபோக முடியாதென்று காரை விட்டுவிட்டு விழுப்புரம் போனார். அவர் பஸ் ஏறிய கையோடு ராணியம்மாள் பட்டறைக்கு நடந்துபோனாள். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிச் சேர்த்த பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து தசரதனிடம் நீட்டினாள்.

"அவரு வர்றதுக்குள்ள முடிச்சிரு தம்பி."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வுடுவாரா? நான் சொல்லிக்கிறேன், நீ வேலையப் பாரு."

தசரதன் மூன்று நாளும் அந்தக் காரின் அடியிலேயே கிடந்தான். விழா அன்று காலையில் வாசலில் கொண்டுவந்து விட்டு, "மெத்துனு கால வெச்சாப் போதும்னு சொல்லுங்கக்கா, புது லைனிங்" என்றான்.

சொல்லத்தான் ராணியம்மாள் காத்திருந்தாள். ஆனால் சக்கரவர்த்தி பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாலு பேர் வீட்டு வாசலிலிருந்து காரைத் தள்ளிக்கொண்டே போய் ஊர்வலத்தின் முன்னால் நிறுத்திவிட்டார்கள். அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது அவர் கழுத்தில் ஆள் உயர மாலை.

"ஏங்க, ஒரு விஷயம், பிரேக்கு..."

"இன்னிக்குக் கூடவா பிரேக்கு! நல்ல நாள்ல வாய மூடு."

"இல்லீங்க, சரி பண்ணி..."

பேண்டு முழங்கியது. பின்னால் ஜீப்பில் நின்றபடி ராமதாஸ் மைக்கைப் பிடித்துவிட்டார். அதற்கு மேல் ராணியம்மாள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

தேரடி வீதியில் ஊர்வலம் திரும்பியது. கோபுரத்தைப் பார்த்ததும் பேண்டுக்காரர்கள் நின்று, புதிதாக ஒரு பக்திப் பாட்டை எடுத்தார்கள். சக்கரவர்த்தி வழக்கம்போல வெகு தூரத்திலேயே தயாரானார். "அரோகரா!" என்று கத்திக்கொண்டு, மாலையைத் தோளுக்குத் தள்ளி, மூன்று தரம் மிதிக்க வேண்டிய பலத்தை முதல் மிதியிலேயே சேர்த்து மிதித்தார்.

கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. சக்கரவர்த்தியின் நெற்றி ஸ்டீயரிங்கில் மோதியது. அதே நொடியில் பின்னால், "வாகன ஓட்டிகளே, உங்கள் பிரேக்கை இன்றே பரிசோதியுங்கள்" என்று முழங்கிக்கொண்டிருந்த ராமதாஸின் ஜீப் நேரே வந்து காரின் பின்புறத்தில் மோதியது. ராமதாஸ் மைக்கோடு பறந்து, 'நிதானம் உயிர் காக்கும்' என்று எழுதிய துணியைக் கிழித்துக்கொண்டு காரின் டிக்கி மேல் விழுந்தார். யாருக்கும் பெரிய அடியில்லை. மைக் மட்டும் விடாமல் கூவியது.

"ஏன்யா நிறுத்தல?" என்று ராமதாஸ் டிரைவர் மேல் பாய்ந்தார்.

"பிரேக் ஏதுங்க?" என்றான் டிரைவர் பலராமன், மைக் அருகில் கிடப்பதை மறந்து. "ஆறு மாசமாக் கேக்கறேன், விழாச் செலவு இருக்குது அப்புறம் பாக்கலாம்னீங்க. அண்ணன் என்னிக்கும் மெதுவா, மெத்துனு நிப்பாரேன்னு தைரியமா வந்தேன். இப்புடி நின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

நாலு ஒலிபெருக்கியிலும் இது தெளிவாகக் கேட்டது.

அன்று மாலையே சங்கம் அவசரமாகக் கூடியது. இரண்டு மணி நேரம் விவாதித்து, விபத்துக்குக் காரணம் முன்னால் போன கார் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றதே என்று தீர்மானம் போட்டது. பட்டம் ரத்தானது. "பணம் சேர்ந்ததும் ஆளு மாறிட்டாரு. நடு வீதியில டக்குனு நிக்கிறாரே, இன்னா திமிரு!" என்று ஊரிலும் பேசிக்கொண்டார்கள்.

சக்கரவர்த்தி இரண்டு நாள் ராணியம்மாளுக்கு முகம் கொடுக்கவில்லை. நெற்றி வீக்கத்துக்குப் பற்றுப் போட வந்தவளிடம், "சொல்லாம பிரேக்கச் சரி பண்ணி மானத்த வாங்கிட்டியே" என்றார்.

"உங்க மானத்த வுட எனக்கு பேண்டுக்காரன் முதுகுதான் பெருசாத் தெரிஞ்சது" என்றாள் அவள், பற்றை அழுத்தியே தடவி.

மூன்றாம் நாள் செங்கத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கோபத்தில் சக்கரவர்த்தி தம்மையறியாமல் காரைக் கொஞ்சம் வேகமாகவே விட்டிருந்தார். வளைவில், புளிய மரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக் குறுக்கே வந்தது. அதைப் பிடிக்க ஒரு பெண்பிள்ளை, ஏழெட்டு வயசு இருக்கும், பின்னாலேயே ஓடிவந்தாள்.

அரோகரா போட நேரமில்லை. கால் தானாகப் போய் மிதித்தது.

புழுதி அடங்கியபோது கார் நின்றிருந்தது. பம்பரிலிருந்து ஒரு முழ தூரத்தில் அந்தப் பெண் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். ராணியம்மாள் பக்கம் திரும்ப சக்கரவர்த்திக்குத் தைரியம் வரவில்லை.

"பிரேக்குக்கு எம்மாம் ஆச்சு?" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

"முந்நூத்தி எம்பது."

அதற்குள் பெண்ணின் தாய் ஆராயி கழனியிலிருந்து அரிவாளும் கையுமாக ஓடிவந்துவிட்டாள். காரைச் சுற்றிவந்து திட்டத் தொடங்கினாள். கண் தெரியலியா, கார் இருந்தா ரோடு உங்கப்பன் வூட்டுதா, நீயெல்லாம் மனுசனா என்று நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது வசவு. ஒரு வருஷமாக ஜனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்ட பாதையில் ஒருத்தி திட்டுவது இதுதான் முதல் தடவை.

சக்கரவர்த்தி கதவைத் திறந்து இறங்கினார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"திட்டும்மா" என்றார். "முழுசாத் திட்டி முடி. நான் நின்னு கேட்டுட்டுப் போறேன்."