கதிக்பாக் எதிர் கதிக்பாக்

குலுக்கலில் அந்த இரண்டு பெயர்களும் எதிரெதிரே விழுந்ததும் அரங்கின் பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். ரொஹேலியோ கதிக்பாக், கிரிசாந்தா கதிக்பாக். ஆசிய டார்ட்ஸ் சாம்பியன்ஷிப், மூன்றாம் சுற்று, ஏழாம் பலகை. போட்டி நடத்துகிறவள் நான், மைக் என் கையில் இருந்தது. படித்தே ஆக வேண்டும், படித்தேன்.

அவர்கள் அண்ணன் தங்கை இல்லை. புருஷன் பெண்டாட்டி. இரண்டு வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஆனாலும் எங்கள் பிலிப்பைன்ஸ் நாட்டில் விவாகரத்து என்று ஒன்று கிடையாது. கல்யாணமே செல்லாது என்று கோர்ட்டில் தீர்ப்பு வாங்கலாம். அதற்குள் வக்கீல் வீடு கட்டிவிடுவான், நாம் வீட்டை விற்றிருப்போம். அதனால் அவள் சட்டை முதுகிலும் அவன் பெயர்தான்.

கிரிசாந்தா கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அங்கே கேன்டீன் சுவரில் மாட்டியிருந்த பலகையில் எறிந்து எறிந்துதான் கை பழகியது. ரொஹேலியோவைக் கட்டிக்கொண்டு லீபா ஊரில் இருவருமாக ஒரு பீர் கடை வைத்தார்கள். நாலு பலகை, ஒரு குளிர்பெட்டி, பன்றிக் காது வறுவல். கடை நன்றாகவே ஓடியது. ஆனால் மாதம் ஒரு தடவையாவது வாடிக்கையாளர்கள் முன்னால் அவள் அவனைத் தோற்கடித்துவிடுவாள். சிரித்துக்கொண்டே தோற்கத் தெரிந்தவனாக இருந்தால் குடும்பம் நடந்திருக்கும். ரொஹேலியோ அந்த ரகம் இல்லை.

கோலாலம்பூரில் ஒரு போட்டியில் ஆடிவிட்டு அவள் திரும்பி வந்தபோது கடைக்கு வேறு பூட்டு. அவள் துணிமணிகள் அரிசிச் சாக்கில் கட்டி வாசலில் கிடந்தன. உள்ளே அவள் பலகையில் யாரோ அம்பு எறிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதோடு விட்டானா? சட்டையில் விளம்பரம் போடக் கம்பெனிக்காரன் பணம் கொடுக்கிறானே, அது இவள் ஆட்டத்துக்கா கொடுக்கிறான் என்று மாகாணம் முழுக்கக் கேட்டுத் திரிந்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் முஷ்டியோடு முஷ்டி தட்டிக்கொள்வது வழக்கம். இவன் கையை நீட்டவில்லை. அவளும் நீட்டவில்லை.

"ஆரம்பிக்கலாமா? வீட்டுல உலை கொதிக்குதுன்னு ஓடிரப் போறா" என்றான் ரொஹேலியோ, தன் பின்னால் பீர் பாட்டிலோடு நின்ற லீபாக்காரர்களைப் பார்த்து. அவர்கள் சேவல் சண்டைக்கு வந்தவர்கள் மாதிரி சத்தம் போட்டார்கள்.

அவள் எறியப் போகும்போதெல்லாம் ஒருவன் இருமினான். "ஏம்மா, சோறு வெந்துச்சா?" என்று இன்னொருவன் கேட்டான். நான் மைக்கில் இரண்டு முறை எச்சரித்தேன். "அக்கா, தொண்டைக் கரகரப்புக்குமா தடை?" என்றான் இருமியவன்.

கடைசி ஆட்டம் வரை இழுத்துப்போய் ரொஹேலியோ தோற்றான். முடிக்க வேண்டிய இடத்தில் அவன் மூன்று அம்பும் குறி வைத்த வளையத்துக்கு வெளியே போயின. அவள் ஒரே அம்பில் முடித்தாள். அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு அவன் பக்கமே பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனாள். அவன் அவள் முதுகைப் பார்த்துத் தரையில் துப்பினான்.

எங்கள் போட்டிகளில் ஒரு விதி உண்டு. தோற்றவன் வீட்டுக்குப் போக முடியாது. அதே பலகையில் அடுத்த ஆட்டத்துக்கு அவன்தான் எண்ணிக்கை பார்க்க வேண்டும். பலகை பக்கத்தில் நின்று, மூன்று மூன்று அம்புக்கும் மொத்தம் எவ்வளவு என்று டேப்லெட்டில் தட்ட வேண்டும். ஐந்நூற்று ஒன்றிலிருந்து மேலே திரையில் கழிந்துகொண்டே வரும். பூஜ்யத்தைத் தொடுகிற அம்பு ஓரத்து இரட்டை வளையத்தில் பட வேண்டும்.

ஏழாம் பலகையில் அடுத்த ஆட்டம் கிரிசாந்தாவுக்கும் ஜப்பான்காரர் குரோய்வாவுக்கும்.

ரொஹேலியோ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். நான் மேசையை விட்டு எழுந்து போய் மறித்தேன்.

"எங்கடா போற?"

"வேற ஆளப் போடுங்கக்கா. அவளுக்கு நான் கணக்குப் பாக்கணுமா?"

"நீ தோத்திருக்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். போனா அடுத்த போட்டிக்குப் பேர் குடுக்க முடியாது."

பையைக் கீழே போட்டான். டேப்லெட்டை எடுத்த வேகத்தில் உடைத்துவிடுவானோ என்று பயந்தேன். உடைக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தான்.

இருவரும் சமமாக வந்து, கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கிரிசாந்தா எறிந்தாள். இருபதின் மும்மடங்கு வளையத்தில் இரண்டு அம்பு, வெறும் இருபதில் ஒன்று. நூற்று நாற்பது. பலகைக்குப் போய் அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். திரையில் நூறு என்று விழுந்தது.

"நூத்தி நாப்பது" என்றாள். இரண்டு வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நூறு. ஒண்ணுதான் வளையத்துல இருந்துச்சு."

"கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அம்பப் புடுங்கிட்டு வந்து கத்தாத. பலகையில இருக்கும்போது கேட்டிருக்கணும்."

அவள் என்னைக் கூப்பிட்டாள். போனேன். குரோய்வாவிடம் கேட்டேன். அவர் முதுகைத் திருப்பிக் கை துடைத்துக்கொண்டிருந்தாராம். பார்க்கவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பார்த்தாரா இல்லையா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். லீபாக்காரர்கள் "நூறு! நூறு!" என்று மேசையைத் தட்டினார்கள்.

அம்பு வெளியே வந்த பிறகு தட்டிய எண்தான் செல்லும். அதைச் சொன்னேன்.

"உங்களுக்கே தெரியும் அவன் பொய் சொல்றான்னு" என்றாள்.

"தெரியும். ஆனா நான் பார்க்கலையே, கிரிசாந்தா. வேற ஆளப் போடறேன். அது என்னால முடியும்."

அவள் ரொஹேலியோவைப் பார்த்தாள். அவன் டேப்லெட்டை நீட்டிவிட்டுப் போகத் தயாராக நின்றான். முகத்தில் ஒரு நிம்மதி. வந்த வேலை முடிந்தது என்கிற நிம்மதி.

"வேண்டாம். அவனே நிக்கட்டும்."

"பிடிவாதம் பிடிக்காத."

"அவனே நிக்கட்டும்னு சொன்னேன்ல?"

குரோய்வா எறிந்தார். முடிக்க அவருக்கு முப்பத்திரண்டு மிச்சம். இவளுக்குத் தொண்ணூற்று ஆறு. அந்த நாற்பது மட்டும் கழிந்திருந்தால் ஐம்பத்தாறுதான் இருந்திருக்கும்.

கிரிசாந்தா கோட்டில் நின்றாள். முதல் அம்பு இருபதின் மும்மடங்கில் குத்தியது. அடுத்ததை எறியாமல் கையை இறக்கினாள்.

"எவ்வளவு?"

ரொஹேலியோ டேப்லெட்டைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். அம்பு பலகையிலதான் இருக்கு. எவ்வளவு?"

ஆடுபவர் கேட்டால் எண்ணிக்கை பார்ப்பவர் பதில் சொல்ல வேண்டும். அதுவும் விதிதான். நான் அங்கேயே நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் திருப்பவில்லை.

"அறுபது" என்று முணுமுணுத்தான்.

"கேக்கல. சத்தமா."

"அறுபது!"

"மிச்சம்?"

"முப்பத்தாறு."

பக்கத்துப் பலகைகளில் ஆட்டம் நின்றுவிட்டது. ஹாங்காங்காரர்கள் இரண்டு பேர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். இருமுகிறவன்கூட இருமவில்லை.

பதினெட்டின் இரட்டை வளையம் வேண்டும். இரண்டாவது அம்பு கம்பியில் உரசி வெளியே நின்றது. லீபாக்காரர்கள் ஹோவென்று கத்தினார்கள்.

"எவ்வளவு?" என்று அதற்கும் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றான். இப்போது சத்தமாகவே சொன்னான், சிரிப்போடு.

"மிச்சம்?"

"முப்பத்தாறுதான். போடு, பாக்கலாம்."

அவள் உடனே எறிந்துவிட்டாள், அவன் வாய் மூடுவதற்குள். அம்பு இரட்டை வளையத்தின் நடுவில் நின்றது. அவள் நகரவில்லை. பலகையிடம் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கோட்டிலேயே நின்றாள்.

"எவ்வளவுடா?"

ஊரறிய மோதிரம் மாற்றிக்கொண்ட புருஷனை அப்படிக் கூப்பிட்டதும் லீபாக்காரர்களில் ஒருவனே சிரித்துவிட்டான். ரொஹேலியோவின் கழுத்து நரம்பு புடைத்தது. "முடிஞ்சுது" என்றான்.

"யாரு ஜெயிச்சா? பேரச் சொல்லு."

அவன் டேப்லெட்டை என் நெஞ்சை நோக்கி எறிந்தான். பிடித்துக்கொண்டேன். "கதிக்பாக்னு போட்டுக்க! எம் பேருதான அதுவும்!" என்று கத்திக்கொண்டே நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். நண்பர்கள் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். குரோய்வா குனிந்து வணங்கி முஷ்டியை நீட்டினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு விரல் நுனியால் தொட்டாள்.

கால் இறுதியில் மங்கோலியாவிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் அவள் படுதோல்வி அடைந்தாள். எளிதான வளையங்களைக்கூட விட்டாள். ஆத்திரம் முழுவதும் முன்பே தீர்ந்துவிட்டது போலிருந்தது. தோற்ற பிறகு முறைப்படி நின்று, அடுத்த ஆட்டத்துக்கு எண்ணிக்கை பார்த்து முடித்துவிட்டு, பையை எடுக்க என் மேசைக்கு வந்தாள்.

"புகார் குடு. ஒரு வருஷமாவது தடை போடுவாங்க" என்றேன்.

"வேண்டாம்."

"பயமா?"

சுருக்கென்று திரும்பினாள். "தடை போட்டா அவன் வர மாட்டான்க்கா. அவன் வரணும். ஒவ்வொரு போட்டிக்கும் வரணும். நான் அவன அடிக்கணும், எல்லாரும் பாக்கணும். அத நீங்க கெடுக்காதீங்க."

நான் கெடுத்தேன். டேப்லெட் என் மீது வீசப்பட்டது; சாட்சிக்கு ஜப்பானும் ஹாங்காங்கும் இருந்தன. மேலிடத்தில் சொன்னேன். ரொஹேலியோவுக்குத் தடை விழுந்தது. அவன் பீர் கடையையே கதியென்று கிடக்கிறானாம். அங்கே பலகைகளைக் கழற்றிவிட்டுப் பாட்டுப் பெட்டி வைத்துவிட்டான் என்கிறார்கள்.

அடுத்த போட்டியில் கிரிசாந்தா பெயர் கொடுக்க என் மேசைக்கு வந்தாள். வணக்கம் சொன்னேன். காதில் விழாதவள் மாதிரி பேனாவை மட்டும் கேட்டாள். நான் செய்தது சரிதான். அவளிடம் அதைச் சொல்லிப் பார்க்க இன்றுவரை தைரியம் வரவில்லை.