நூற்று நாற்பத்தெட்டு கண்ணிகள்

பல் மருத்துவமனையில் வாரம் ஆறு நாள் வேலை பார்க்கும் அந்த நர்ஸுக்கு ஞாயிறு மதியம் ஒன்றுதான் சொந்தம். அந்த நேரத்தில் கணவருக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தாள். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்த மாதம்.

"இந்த வெயில்ல கம்பளிய மடியில வெச்சுக்கிட்டு என்னம்மா இது?" என்றார் மாமியார்.

"இந்த வீட்டுல இப்பவே ஆரம்பிச்சாதான் அத்தை, குளிருக்குள்ள முடியும்."

ஊசியில் கோத்த நூல் வளையங்கள், அதாவது கண்ணிகள், நூற்று நாற்பத்தெட்டு இருக்கவேண்டும். எண்ணிக்கை தொண்ணூறை எட்டியபோது மகள் சாக்ஸ் எங்கே என்றாள். மறுபடி எண்ணி நூற்றுப்பத்துக்கு வந்தபோது கணவர் கத்தரிக்கோல் எங்கே என்றார். இருவருக்கும் கண் எதிரே இருந்த டிராயரைத் திறக்கக் கை வரவில்லை.

கடுப்பாகி, நூலும் ஊசியுமாக வாசலில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்தாள். உள்ளே அனல். வியர்த்த விரலில் நூல் ஒட்டியது. நூற்று இருபதை எட்டும்போது கண்ணாடியில் டொக்டொக். கணவர்.

"ஏம்மா, வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டன அமுக்கணும்?"

"எல்லாத்தையும் அமுக்குங்க!"

கணவர் வாயைப் பிளந்து நிற்க, காரைக் கிளப்பித் தெருமுனை தாண்டி ஒரு மர நிழலில் நிறுத்தினாள். நூற்று நாற்பதுவரை நிம்மதியாக எண்ணினாள். அப்போது செல்போன் அடித்தது. மாமியார்.

"துணிய நான் போட்டுட்டேன். இதுங்க கெடக்குதுங்க, நீ நிதானமா முடிச்சிட்டு வா."

"சரி அத்தை" என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.