கதிரேசன் திரும்பும் புள்ளி

கதிரேசனைக் கூப்பிட்டால் சுவருக்குள் போய்விடுவார். நான்கு மாதமாக இப்படித்தான்.

மரகதம் அடுப்படியில் நின்று "என்னங்க" என்பாள். கூடத்தில் நிற்கும் கணவர் திரும்பத் தொடங்குவார். நின்ற இடத்தில் திரும்பமாட்டார். பக்கவாட்டில் நகர்ந்து, சுவரைக் கடந்து, பின்தெருவில் அருமைநாயகம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் போய் நிற்பார். இன்னொரு முறை கூப்பிட்டால் மீதி அரைவட்டம் சுற்றி, எதிர்ச்சுவர் வழியாகக் கூடத்துக்கு வருவார். முகம் அவள் பக்கம் இருக்கும். அதற்குள் காபி ஆறியிருக்கும்.

அருமைநாயகம் நல்ல மனிதர். முதல் வாரம் புகார் சொன்னார். இப்போது மேஜையில் கதிரேசனுக்கும் ஒரு தட்டு வைக்கிறார்கள்.

நகரம் முழுக்கக் கணினிக்குள் இருந்தது. அங்கே எதுவும் தானாக அசையாது. ஒவ்வொன்றின் அசைவையும் யாராவது எழுதிவைக்க வேண்டும். மரகதம் கதவுகளுக்கு எழுதினாள். பதினோரு வருட அனுபவம். எந்தப் பொருளும் தன் நடுப்புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதை மறந்துவிடுவார்கள். அவர்கள் எழுதும் கதவு பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் காற்றாடிபோல் சுழலும். மரகதம் கதவை இருமடங்கு அகலமாகச் செய்வாள். ஒரு பாதியைச் சுவருக்குள் மறைத்துவிடுவாள். அப்போது கதவு கதவுபோல் திறக்கும். மறைந்த பாதியை யாரும் பார்ப்பதில்லை.

மனிதர்களுக்கு அந்தப் புள்ளி தொப்புளுக்கு உள்ளே இருக்கும். கதிரேசனுடையது வெளியே போயிருந்தது.

அவர் போகும் வளைவில் மூன்று இடங்களில் மரகதம் சுண்ணாம்புக்கட்டியால் குறித்தாள். மூன்று புள்ளி போதும், மையம் கிடைத்துவிடும். வீட்டிலிருந்து பதினான்கு மீட்டர். செண்பகத்தின் முன்னறை.

செண்பகம் மரகதத்தின் அலுவலகத்தில் திரைச்சீலைகளுக்கு எழுதுகிறவள். திரைச்சீலை அசைந்தால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். கதவை யாரும் நின்று பார்ப்பதில்லை. திறந்ததும் போய்விடுவார்கள். இதை மரகதம் யாரிடமும் சொன்னதில்லை. பதினோரு வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாள்.

அசைவுப் பதிவகத்தில் குமாஸ்தா படிவத்தை நீட்டினார். ஆளுக்கென்று தனிப் படிவம் கிடையாதாம். அவள் பொருள் என்று நிரப்பினாள். பயன்பாடு என்ற இடத்தில் கணவர் என்று எழுதினாள். குமாஸ்தா பேரேட்டைப் புரட்டினார்.

"இந்தப் புள்ளி பூட்டாம இருக்கும்மா. யார் வேணும்னாலும் மாத்திக்கலாம்."

"பூட்டணும்னு எனக்குத் தெரியாதுங்க."

"கதவு எழுதுறவங்கதானே நீங்க."

அவர் நடைமுறையை விளக்கினார். பழைய புள்ளியில் இருப்பவரின் கையெழுத்து வேண்டும். பிறகு புதிய புள்ளியை எழுதலாம். கணவருடைய தொப்புளையே எழுதலாம். அப்படிச் செய்தால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருப்பார், யாருக்கும் பாத்தியதை இல்லை. ஒரு பெயரையும் எழுதலாம். அந்தப் பெயருள்ளவர் போகுமிடமெல்லாம் புள்ளி கூடவே போகும்.

"ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. நீங்க எழுதுற நேரத்துல அவரு உங்களுக்கு எந்தப் பக்கம் காட்டிக்கிட்டு நிக்கிறாரோ, கடைசிவரைக்கும் அந்தப் பக்கம்தான். உடனே பூட்டிடுவோம். அப்புறம் இங்க வந்து அழக் கூடாது."

செண்பகத்தின் வீட்டு நடைவழி நீண்டுகொண்டே போனது. நடக்க நடக்கப் பக்கத்தில் புதிதாகத் தூண்கள் முளைத்தன. முன்பகல் முழுவதும் நடந்து மரகதம் முன்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

செண்பகம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதமாக எழுந்திருக்கவில்லையாம். எழுந்தால் அவர் வெறும் நாற்காலியைச் சுற்றுவார் என்று பயம். சாப்பாடும் அங்கேயே. காற்று இல்லை. திரைச்சீலைகள் அழகாக அசைந்தன. அந்த அழகைப் பார்க்கக்கூடாது என்று மரகதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஜன்னலுக்கு நேரே அவளுடைய கூடம் தெரிந்தது. கூடத்தில் கதிரேசனின் முதுகு.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"திறந்து கிடந்துச்சுக்கா. நீங்க ஒரு தடவை 'என்னங்க'ன்னா அந்த மனுஷன் எப்படித் திரும்புறாரு. அதுக்கு நடுவுல இருந்தா எப்படி இருக்கும்னு பார்க்கணும்போல இருந்துச்சு."

"எப்படி இருக்கு?"

"முதுகுதான்க்கா. சுத்திச் சுத்தி வந்தாலும் முதுகுதான். நான் கூப்பிட்டா அவருக்குக் கேக்கிறதே இல்ல. நீங்க கூப்பிட்டாத்தான் சுத்துறாரு. முகம் உங்களுக்குத்தானே."

செண்பகத்தின் கண்களில் பொறாமை இருந்தது. அது தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்ததுபோல் மரகதத்துக்குத் தோன்றியது. அதையும் அவளால் தாங்க முடியவில்லை.

செண்பகம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போய் எழுதுங்கக்கா. அங்கன்னா அவர் உங்களைப் பார்த்து நிப்பாரு."

அது சரியான யோசனை. மரகதத்துக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்த நடையை மறுபடி நடக்க வேண்டும். நடந்து முடிக்கும்வரை அவர் செண்பகத்தைச் சுற்றுகிறவராகவே இருப்பார். இவள் ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாள்? அந்த அரைநாளில் இவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

அங்கேயே நின்று, ஜன்னல் கட்டையில் படிவத்தை வைத்து, தன் பெயரை எழுதினாள்.

கதிரேசனின் முதுகு லேசாக ஆடி நின்றது. எங்கோ பூட்டு விழும் சத்தம் கேட்டது. செண்பகம் நாற்காலியிலிருந்து எழுந்து சோம்பல் முறித்தாள்.

திரும்பும்போது நடை குட்டையாக இருந்தது. எட்டடியில் தெரு வந்துவிட்டது. மரகதம் நடந்தாள். பதினான்கு மீட்டர் முன்னால் முதுகு நகர்ந்தது. வீடு வந்ததும் அவள் நின்றாள். அவர் வீட்டைத் தாண்டி நின்றார். அவள் வீட்டையும் தாண்டி நடந்தாள்.

எதிரே வந்த பெண்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி ஏதோ விசாரித்தாள். அவர் பதில் சொன்னார் என்று அவருடைய தோள் அசைவிலிருந்து தெரிந்தது. எந்த மாதிரி முகத்தோடு சொன்னார் என்று தெரியவில்லை.

"என்னங்க" என்று நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிட்டால் அரைவட்டம் சுற்றி அவளுக்குப் பின்னால் போவார். பின்னால் இருக்கிற தெருவும் அந்த முகத்தைப் பார்க்கும்.

மரகதம் உதட்டை அழுந்த மூடிக்கொண்டு நடந்தாள்.