எண்ண வந்தவருக்கு இடமில்லை

எங்கள் வண்டி கீழ்ப்புஞ்சையிலிருந்து அடையாறுக்குக் காலை ஐந்தரைக்குக் கிளம்பும். நான் அதன் கண்டக்டர், கனகராஜ். முந்நூறு பேர் உள்ள ஊருக்கு இந்த விடியற்கால நடை எதற்கு, நிறுத்திவிடலாம் என்று மேலே பேச்சு. முந்நூறு என்பது பழைய ஜனத்தொகைக் கணக்கு. அதற்கப்புறம் அடையாறு ஆற்றங்கரையிலிருந்து நானூறு குடும்பங்களை இந்தப் பொட்டல்காட்டில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அது மட்டும் காகிதத்தில் ஏறவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தினமும் இதில் ஏறும் வேலம்மாவுக்கோ பிழைப்பே இந்த வண்டிதான். அடையாறில் மூன்று வீடுகளில் சமையல் அவளுக்கு. முதல் வீட்டில் ஏழு மணிக்கு அடுப்புப் பற்றவேண்டும். இந்த நடை நின்றால் அடுத்தது ஒன்பதேகாலுக்குத்தான். மூன்று வீடும் கைவிட்டுப் போகும்.

செவ்வாய்க்கிழமை தானே வந்து, அடையாறு வரை கூடவே பயணம் செய்து தலை எண்ணப்போவதாக சித்தார்த்தன் என்ற போக்குவரத்துக் கழக அதிகாரி எனக்குப் போன் செய்தார். நான் அதை வேலம்மாவிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஒரு தலகூட கொறையக் கூடாது நைனா," என்று அவள் வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஊரே ஏறியது. தினமும் பைக்கில் போகும் டில்லிபாபு, இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகளோடு நிஷா, காதுகுத்துக்கு வந்திருந்த யாரோ வீட்டுச் சொந்தக்காரர்கள், பத்து வருஷமாக வேலைக்கே போகாத முருகையன், அவரும் சவரம் செய்து பவுடர் பூசிக்கொண்டு. அதிகாரிக்காக முன் சீட்டில் வேலம்மா ஜன்னல் வழியாக ஒயர்கூடையைப் போட்டிருந்தாள். கூடை விழுந்த சீட்டில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள், மூச்சுத் திணறினாலும்.

டிரைவர் கரீமுல்லா ஒரு நிமிஷம் தாமதிக்கமாட்டார். "ஸார் ஏறிட்டாரா?" என்று கத்தினேன். முன்னாலிருந்து, "பின்னாடி கீறாரு" என்றார்கள். பின்னாலிருந்து, "முன்னாடி கீறாரு" என்றார்கள். விசில் கொடுத்தேன்.

வழியெல்லாம் ஒரே கும்மாளம். திருவான்மியூரில் கூட்டம் கொஞ்சம் இறங்கியதும் முன் சீட்டு கண்ணில் பட்டது. கூடை மட்டும் உட்கார்ந்திருந்தது. என் போன் அடித்தது.

"கனகராஜ், நான் கீழ்ப்புஞ்சையிலயேதான் நிக்கிறேன். படியில கால் வைக்கக்கூட எடம் இல்ல. கத்தினேன், யாருக்கும் கேக்கல. எத்தனையோ தடவ போன் பண்ணேன், நீங்க எடுக்கல. அடுத்த பஸ் எப்போ?"

"ஒம்போதே காலுக்கு ஸார்."

"அது வரைக்கும்?"

"ஒண்ணும் கெடையாது ஸார். அப்ப வர்றதும் இதே வண்டிதான்."

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

வேலம்மா கூடைக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எண்ண வந்தவரையே வுட்டுட்டு வந்துட்டோமே நைனா. என் பொழப்பு போச்சு," என்று அழுதாள்.

"அப்போ நான் பூசுன பவுடரு வேஸ்ட்டா?" என்றார் முருகையன்.

வண்டி குலுங்கிச் சிரித்தது. வேலம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அடையாறில் இறங்கி ஓடினாள்.

ஒன்பதேகாலுக்கு நாங்கள் திரும்பியபோது சித்தார்த்தன் நிறுத்தத்தில் வியர்வையில் நனைந்து நின்றார். ஏறி உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். பயணிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில், 'எண்ண இயலவில்லை' என்று எழுதினார். இடமின்றி விடப்பட்டவர்கள் என்ற இடத்தில் 'ஒருவர்' என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையே போட்டார்.

அடுத்த மாதம் எங்கள் வண்டிக்குப் பின்னால், ஐந்தே முக்காலுக்கு இன்னொரு வண்டியும் விட்டார்கள். அன்றைக்கு வேலம்மா எங்கள் வண்டியின் முன் சீட்டில் ஒயர்கூடையைப் போட்டுவிட்டு அடையாறு வரை நின்றுகொண்டே வந்தாள்.

"யாருக்கு எடம்?" என்று கேட்டேன்.

"அந்த ஸாருக்கு."

"அவரு இன்னிக்கு வரமாட்டாரே."

"வரலைன்னா இன்னா," என்றாள், "அவரு எடம் அப்டியே இருக்கட்டும்."