அறுபது வருஷக் கணக்கு

கை மடங்கவில்லை. சட்டையின் முதுகை நடுவில் வெட்டிவிட்டால் முன்பக்கமாகவே மாட்டிவிடலாம் என்று சவப்பெட்டி கொண்டுவந்தவர் சொன்னார். ஸ்டீவன் கத்தரிக்கோலை அக்காவிடம் நீட்டினான். ஜெபா காலரிலிருந்து தொடங்கினாள். அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்காகப் பொன்னேரியில் எடுத்த வெள்ளைச் சட்டை. அப்பா அதை இரண்டு முறைதான் போட்டிருந்தார்.

கோணாமல் வெட்டியிருக்கிறோம் என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

முந்தின நாள் மதியம் ஷிப்ட் முடிந்து, கம்பி ஆலை வாசலில் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்த அப்பா தேசப்பன் நிமிரவில்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்பத்தூரில் புது ஆபீசில் ஜெபா மீட்டிங்கில் இருந்தாள். ஸ்டீவன் மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் எடுத்தாள். "அக்கா, கெளம்பி வா" என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சென்ட்ரலில் வண்டி மாறி கும்மிடிப்பூண்டி வந்தாள். மீஞ்சூரில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அந்த ஆபீசில் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எந்த லாரி எந்தக் கிடங்குக்கு முதலில் போனால் டீசல் மிச்சம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை. அதற்குமுன் பத்து வருஷம் அவளுக்கு ஒரே ஒரு கணக்குதான். எண்களைப் பற்றிய ஒரு கூற்று. சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். அறுபது வருஷமாக யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அதன் ஒரு மூலையைத் தொட்டதற்கு முனைவர் பட்டம் கிடைத்தது. பிறகு புனேயில் இரண்டு வருஷம், கொல்கத்தாவில் மூன்று வருஷம், ஒப்பந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேசப்பன் போன் செய்வார். சாப்பாடு, மழை, அம்மாவின் முட்டி வலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியாகக் கேட்பார்.

"முடிஞ்சிதா?"

"இன்னும் இல்ல நைனா."

"சரி, மெதுவா பண்ணு."

கூட வேலை செய்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

கொல்கத்தாவில் ஒப்பந்தம் முடிந்தது. எழுதிப்போட்ட கல்லூரிகள் எதுவும் கூப்பிடவில்லை. லாரிக் கம்பெனி இரண்டே நேர்காணலில் எடுத்துக்கொண்டது. அதைப் போனில் சொன்னபோது தேசப்பன் சம்பளம் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப அந்தக் கணக்கு?"

"முடிஞ்சிடிச்சி நைனா."

பிறகு அவர் போனை வாயிலிருந்து விலக்கி அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. "கன்னியம்மா, இங்க வா. பாப்பா முடிச்சிட்டாளாம்."

அப்படி இல்லை என்று நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மாசக் கடைசியில் ஊருக்கு வருவதாக இருந்தாள். அடுத்து வந்த ஞாயிறுகளில் பேச்சு அம்மாவின் முட்டி வலியோடு முடிந்துபோனது.

அடக்கத்தன்று காலை பத்தரை மணிக்கு ஆலை வேன் தெருமுனையில் நின்றது. மதிய ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் சீருடையிலேயே இறங்கி வந்தார்கள். கோபால் மாலையைப் போட்டுவிட்டு, பெட்டியின் தலைமாட்டில் நின்ற ஜெபாவிடம் வந்தார். அப்பாவோடு இருபது வருஷம் வேலை செய்தவர்.

"பெரியவதான நீ? ஸ்கூல் படிக்கசொல்ல பாத்தது. உன்னப் பத்தியேதாம்மா பேசிக்கினு இருப்பான்."

ஜெபா தலையசைத்தாள்.

"அந்தக் கணக்க முடிச்சிட்டியாமே. ஷிப்டு மொத்தத்துக்கும் லட்டு வாங்கியாந்து குட்த்தான். கேட்ல நிக்கிற செக்யூரிட்டிய கூட உடல."

எந்தக் கடை லட்டு என்று கேட்க வாய் வரை வந்தது. ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை.

"விடை இன்னா வந்துச்சிமா? நா அவன கேட்டேன். தெரிலடா, பாப்பா வந்தா கேட்டு சொல்றேன்னான்."

உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றிய பிறகும் ஐஸ் பெட்டியை யாரும் அணைத்திருக்கவில்லை. சுவரோரம் அது காலியாக இரைந்துகொண்டிருந்தது.

"நம்பர் மாதிரி விடை வராது மாமா. அது சரியா தப்பான்னுதான் சொல்லணும்."

"சரி. இன்னா, சரியா தப்பா?"

"தெரியாது மாமா. நான் முடிக்கல. நைனா கிட்ட பொய் சொன்னேன்."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கீழே பாயில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டி விளிம்பில் ஒட்டியிருந்த ரோஜா இதழ் ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

கோபால் கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பெட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சாப்டியாமா?"

"இல்ல."

"எடுக்கறதுக்குள்ள ஒரு டீயாவது குடி."

அவரே வெளியே போய் யாரிடமோ சொல்லி டீ கொடுத்தனுப்பினார். அவள் குடித்தாள். சர்க்கரை போட்டிருந்ததா என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் முடித்ததும் எல்லாரும் மண் போட்டார்கள். கன்னியம்மாவை ஸ்டீவன் தாங்கிப் பிடித்திருந்தான். ஜெபா மூன்று கைப்பிடி போட்டாள். ஈரமண். பெட்டிமேல் விழுந்தபோது எதிர்பார்த்த அளவு சத்தம் வரவில்லை.

ஆலையிலிருந்து சூப்பர்வைசர் தாவீது தாமதமாக வந்து சேர்ந்தார். ஜெபாவைக் காட்டி யாரென்று கோபாலிடம் மெதுவாகக் கேட்டார்.

"தேசப்பன் பொண்ணு சார்" என்றார் கோபால். அவர் ஜெபாவின் பக்கம் திரும்பவில்லை. குழியைப் பார்த்தே சொன்னார். "அறுபது வருசமா யாரும் போடாத கணக்கு ஒண்ணு இருந்துச்சி. அத இதுதான் போட்டுச்சி."

"லட்டு குடுத்தாரே, அதுவா?"

"அதான் சார்."

தாவீது அவளைப் பார்த்துக் கைகூப்பினார். ஜெபாவும் கைகூப்பினாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் மண் நெறுநெறுத்தது.

வாசலருகே ஒரு குழாய் இருந்தது. வேனில் ஏறவேண்டியவர்கள் கை கழுவ அங்கே வரிசையாக நின்றார்கள். அவளைக் கண்டதும் ஒதுங்கி முன்னால் விட்டார்கள். திருகினாள். வெயிலில் காய்ந்த பைப்பிலிருந்து தண்ணீர் சுடச்சுட வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வேன் ஒருமுறை ஹாரன் அடித்தது. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குளிர்ந்தது.